ஏலத்தோட்டத்தின் கூலியில்லா வேலையாட்கள்

ஏலச்செடியின் பூ ஒரே ஒரு பகல்தான் நிற்கும். விடியுமுன்பே விரியத் தொடங்கி, முற்பகலில் மகரந்தம் ஏற்கும் பக்குவத்தில் இருந்து, மாலைக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீ உள்ளே நுழைந்து வெளியே வந்தால் பூ காயாகும். வராவிட்டால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பாயசத்திலும் தேநீரிலும் பிரியாணியிலும் நாம் போடும் ஏலக்காய் ஒவ்வொன்றும் இந்தச் சோதனையைத் தாண்டி வந்ததுதான்.

இந்திய ஏலக்காயில் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளில் விளைகிறது. ஆனால் அதன் பிழைப்பில் பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர் போடிநாயக்கனூர், கம்பம் பக்கத்தவர்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் மையங்களில் ஒன்று இடுக்கியின் புற்றடி, இன்னொன்று போடி. காய் எடுக்கும் கைகளில் பல தேனி மாவட்டத்துப் பெண்களுடையவை. விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக மலைக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் இறங்கி வருகிறார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிவது இந்தக் கூலியில்தான்.

ஆகவே, ஏலமலையில் தேனீக்கு என்ன நேர்கிறது என்பது பூச்சி ஆராய்ச்சியாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. மலைச்சரிவில் நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் பூச்சியைத் தொடுகிறது. அடுத்து விலங்கை, கடைசியில் கூலிக்காரரின் மடியை. அது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பூ காயாவது எப்படி?

ஏலச்செடி இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டைகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், பூ பூப்பது அடியில்தான். வேர்ப்பக்கத்திலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் வெள்ளைப் பூக்கள் வரும். இதழின் நடுவே ஊதா நிறக் கோடுகள் இருக்கும். தேன் எந்தப் பக்கம் என்று தேனீக்குக் காட்டும் வழி அது.

பூவுக்குள் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தேதான் இருக்கின்றன. ஆனாலும் அது தானாகச் சூல் கொள்வது அரிது. மகரந்தம் ஏற்கும் சூல்முடி, மகரந்தப் பைக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. உதிரும் மகரந்தம் அதன்மேல் போய் விழாது. காற்றும் எடுத்துச் செல்லாது. தரையோடு கிடக்கும் சரத்தில் காற்றோட்டமே குறைவு. உள்ளே தேன் தேடி நுழையும் பூச்சியின் முதுகில் ஒட்டினால்தான் மகரந்தம் அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். ஒரு காய்க்குள் பதினைந்து, இருபது விதைகள் இருக்கின்றன. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும். தேனீ அரைகுறையாக வந்து போன பூவில் விதை குறைந்து காய் சிறுத்துவிடும். ஏலச் சந்தையில் விலை காயின் பருமனைப் பார்த்து வைக்கப்படுகிறது. எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, அதற்குக் குறைந்த காய்க்கு வேறு விலை. தேனீயின் வரவு எண்ணிக்கையோடு நிற்காமல் தரத்திலும் தெரிவது இப்படித்தான்.

வேலையாட்கள் யார் யார்? தோட்டங்களில் அதிகம் வருபவை கூட்டமாக வாழும் மூன்று இனங்கள். உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீ. மரப்பொந்திலும் கரையான் புற்றிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத் தேனீ. பெட்டியில் வளர்ப்பதும் இதைத்தான். சுவர் இடுக்கிலும் மரத்துளையிலும் வாழும் கொட்டாத கொசுத்தேனீ. இவை தவிர, தனித்து வாழும் தேனீக்களும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டுக்குள் தானாக வளரும் ஏலச்செடிகளை ஆராய்ந்தவர்கள், அங்கே இந்தத் தனித்தேனீக்களே முக்கியமான வேலையாட்கள் என்று கண்டார்கள். மண்ணில் வளை தோண்டி முட்டையிடும் நீலப்பட்டைத் தேனீயும், இலையை வட்டமாக நறுக்கிக் கூடு கட்டும் இலைவெட்டித் தேனீயும் அவற்றில் அடக்கம். காட்டுக்குள் ஒரு கூட்டணி, தோட்டத்துக்குள் வேறொரு கூட்டணி. காடு தோட்டமானபோது பழைய வேலையாட்கள் பின்வாங்கி, புதியவர்கள் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் புதியவர்களையும் இன்று நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

காட்டுச்செடி தோட்டப்பயிரானது

ஏலமலையை வெறும் தோட்டமாகப் பார்க்க முடியாது. அது சட்டப்படியும் சிக்கலான நிலம். 1897-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு இதை ஏலமலைக் காப்பு நிலம் என்று அறிவித்தது. மரம் அரசுக்கு, மரத்தடியில் பயிர் செய்யும் உரிமை குத்தகைக்காரருக்கு என்பது அந்த ஏற்பாட்டின் சாரம். பெரிய மரங்களை விட்டுவைத்து, கீழே இருக்கும் புதரை நீக்கி, அங்கே ஏலம் வைப்பார்கள். காட்டின் கூரை அப்படியே இருந்ததால் மலைத்தேனீக்கு உயர்ந்த கிளையும், அடுக்குத் தேனீக்குப் பொந்தும் கிடைத்தன. விளைச்சல் குறைவுதான்; 1980-களில்கூட ஹெக்டேருக்குச் சராசரியாக நூறு கிலோ தேறவில்லை. செலவும் குறைவு.

இதைப் புரட்டிப்போட்டது ஞள்ளானி என்னும் ரகம். கட்டப்பனையைச் சேர்ந்த விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்து உருவாக்கியது. நல்ல செடிகளைக் கொசுவலைக்குள் அடைத்து, தேனீக்களைக் கொண்டே மகரந்தம் சேர்த்து அவர் இந்த ரகத்தைப் பிரித்தெடுத்தார். 1990-களில் இது மலை முழுவதும் பரவியது. பழைய ரகங்களைவிடப் பல மடங்கு விளைந்தது. சிறு விவசாயி முதன்முறையாகக் கல்வீடு கட்டினார், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். அந்த முன்னேற்றத்தைக் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் ஞள்ளானிக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், தண்ணீர் அதிகம் வேண்டும், உரம் அதிகம் வேண்டும். வெளிச்சத்துக்காக நிழல் மரங்களின் கிளைகள் கழிக்கப்பட்டன. பல இடங்களில் மரமே போனது. தண்ணீருக்காக பிளாஸ்டிக் விரித்த படுதாக் குளங்கள் மலை முகடுகளில் வந்தன. எங்கும் ஒரே ரகம், ஒரே செடி என்றானதும் பூச்சிக்கு விருந்து வைத்தது போலானது. அங்கிருந்துதான் மருந்தின் கதை ஆரம்பிக்கிறது.

மருந்து யாரைக் கொல்கிறது?

ஏலத்தின் பெரிய எதிரிகள் இரண்டு. ஒன்று த்ரிப்ஸ் என்னும் இலைப்பேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இந்தப் பூச்சி பூவையும் பிஞ்சையும் சுரண்டிச் சாறு குடிக்கும். காயின் தோலில் சொறி விழும், விலை இறங்கும். இன்னொன்று தட்டையையும் காயையும் துளைக்கும் புழு. இவற்றோடு வேரைத் தின்னும் புழுவும் உண்டு. இவற்றைக் கட்டுப்படுத்த, பதினைந்து இருபது நாளுக்கொரு முறை மருந்து அடிக்கும் தோட்டங்கள் ஏலமலையில் சாதாரணம். இந்தியாவில் பரப்பளவுக்கு மிக அதிகமாகப் பூச்சிமருந்து செலவாகும் பயிர்களில் ஏலமும் ஒன்று.

இங்கேதான் சிக்கல். இலைப்பேன் பெருகும் இடங்களில் பூவும் ஒன்று. தேனீ வருவதும் அந்தப் பூவுக்குத்தான். பூக்கும் பருவம் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. அதே மாதங்களில்தான் தெளிப்பும் நடக்கிறது. காலையில் வேலையாட்கள் வந்ததும் தெளிப்பு தொடங்கும். அதே காலையில்தான் பூ விரிந்திருக்கும், தேனீயும் பறக்கும்.

மருந்து தேனீயை மூன்று விதமாகப் பாதிக்கிறது. முதலாவது, நேரடியாக உடலில் பட்டுக் கொல்வது. பெட்டிக்கு முன்னால் குவியலாகச் செத்துக் கிடக்கும் தேனீக்களைப் பார்த்துத் தேனீ வளர்ப்பவர் இதைக் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவது, செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்துகள். இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோடினாய்டு வகை இதில் சேரும். அவை தேனிலும் மகரந்தத்திலும் சிறு அளவில் கலந்து வருகின்றன. மூன்றாவதுதான் மோசமானது: கொல்லாத அளவு. அந்த அளவை உண்ட தேனீ உடனே சாவதில்லை. கூட்டுக்குத் திரும்பும் வழியை மறக்கிறது, நோயை எதிர்க்கும் திறன் குறைகிறது. வெளியே போனவை திரும்பாமல் கூடு மெலிகிறது. செத்த தேனீ எதுவும் கண்ணில் படாததால், தோட்டக்காரருக்கு இழப்பே தெரியாது. இந்த ஆபத்தைக் கணக்கில் எடுத்துத்தான் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று நியோநிகோடினாய்டுகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த 2018-இல் தடை விதித்தது.

தனித்தேனீக்கு இன்னொரு தொல்லை. வேர்ப்புழுவுக்காக மண்ணில் ஊற்றும் மருந்து, மண்ணுக்குள் வளை வைத்திருக்கும் நீலப்பட்டைத் தேனீயின் முட்டையையும் விட்டுவைப்பதில்லை. இதே தேனீதான் மலையடிவாரத்தில் தக்காளி, கத்தரிப் பூக்களைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பது. அந்தப் பூக்களில் மகரந்தப் பை சிறு துளை வழியாகத்தான் திறக்கும். அதிர்வு இல்லாமல் மகரந்தம் சரியாகக் கொட்டாது.

மருந்து தேனீயோடு நிற்பதில்லை. 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனையை நிறுத்தியது நினைவிருக்கும். அதில் சேர்த்த ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக ஆய்வறிக்கை வந்ததே காரணம். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. ஆனால் அதற்குள் அந்தப் பாயசம் விற்கும் நிலையைத் தாண்டிவிட்டது. வளைகுடா நாட்டுச் சந்தைகளும் எச்சத்தைக் காரணம் காட்டி இந்திய ஏலக்காய்க்குக் கெடுபிடியை இறுக்கின. தேனீ முதலில் குடித்த மருந்தைத்தான் கடைசியில் சந்தை கண்டுபிடித்தது.

பூ இல்லாத மாதங்கள்

மருந்தை நிறுத்திவிட்டால் மட்டும் தேனீ திரும்பிவிடுமா? வராது. தேனீக்கு ஆண்டு முழுவதும் சாப்பாடு வேண்டும். ஏலம் ஆறு மாதம் பூக்கும். மற்ற ஆறு மாதம் அது எங்கே போகும்? மார்ச், ஏப்ரலில் பூமழை பெய்ததும் காபி ஒருசில நாள் வெள்ளையாகப் பூத்து ஓயும். அதற்கு முன்னும் பின்னும் தேனீயைக் காப்பாற்றியவை நாவல், சந்தனவேம்பு போன்ற மரங்களும், வரப்போரத்துக் களைப்பூக்களும்தான். பல வகை நிழல் மரங்கள் இருந்த இடத்தில் வேகமாக வளரும் ஒன்றிரண்டு மரங்கள் வந்தபோது அந்த ஆறு மாதச் சாப்பாட்டில் இடைவெளி விழுந்தது. களைக்கொல்லி அடித்துத் தரையைச் சுத்தமாக வைப்பது நல்ல தோட்டத்தின் அடையாளம் என்றானபோது மிச்சமிருந்த சாப்பாடும் போனது.

வீடும் இப்படித்தான். பொந்து விழுவதற்கு மரத்துக்கு வயதாக வேண்டும். நாற்பது ஆண்டு மரத்தை வெட்டிவிட்டு அதே இடத்தில் நாற்று நட்டால், பச்சை திரும்பும், பொந்து திரும்பாது.

பெட்டி வைத்து ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். ஓரளவு முடியும். ஏலம் பூக்கும் காலத்தில் ஹெக்டேருக்கு நான்கு பெட்டி வைக்கும்படி வேளாண் ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் ஓர் இனத்தை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 1991-92-இல் தென்னிந்தியா பார்த்துவிட்டது. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் எங்கும் பரவி, வளர்ப்புப் பெட்டிகளில் இருந்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. மார்த்தாண்டம் பக்கத்தில் தலைமுறையாகத் தேனீ வளர்த்தவர்கள் காலிப் பெட்டியோடு நின்றார்கள். மீண்டுவரப் பல ஆண்டுகள் ஆயின. பெட்டித் தேனீ விழுந்தாலும் காட்டுத் தேனீ வேலையைத் தொடர வேண்டும். அதற்குக் காடும் மரமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெயில் ஏறினால்

ஏலம் குளிர்ச்சிக்குப் பழகிய செடி. நிழலும் ஈரமும் குறைந்தால் முதலில் சரம் காயும். 2018 ஆகஸ்டில் இடுக்கியில் வரலாறு காணாத மழையும் நிலச்சரிவும் வந்தன. அடுத்து வந்த கோடை வறண்டது. விளைச்சல் சரிந்ததால் 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய் வரை போனது. தோட்டம் தப்பியவருக்கு அது யோகம். செடியை இழந்தவருக்கு விற்க ஒன்றுமில்லை. அந்த விலையைப் பார்த்துப் பலர் கடன் வாங்கிப் புதிதாக ஏலம் வைத்தார்கள். மூன்று ஆண்டுக்குள் சராசரி விலை ஆயிரம் ரூபாய்ப் பக்கம் இறங்கிவிட்டது. 2024 கோடையில் மீண்டும் கடும் வறட்சி. படுதாக் குளங்கள் வற்றி, ஏலமலை எங்கும் தோட்டங்கள் கருகின.

வறட்சி செடியை மட்டும் வாட்டுவதில்லை. பூ குறையும், பூவுக்குள் தேன் குறையும், தேனீ கூட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் தேடி அலையும், மலைத்தேனீ கூட்டம் கூட்டமாக இடம் பெயரும். மழை தாறுமாறாக நீண்டால் வேறு பிரச்சினை: ஒரு பகல் மட்டுமே நிற்கும் பூ, தேனீ பறக்க முடியாத மழைப் பகலில் வீணாகிறது. நிழல் மரத்தோடு கூடிய தோட்டம் இந்த இரண்டையும் ஓரளவு தாங்கும்; வெயிலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், மழையில் மண்ணைப் பிடித்துவைக்கும். மரத்தைக் கழித்தபோது கிடைத்த கூடுதல் கிலோக்களைக் கணக்கெழுதியவர்கள், இந்தக் காப்பை இழந்ததை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

அடிவாரத்தில் வௌவால்

மலையிலிருந்து போடிக்கு இறங்குவோம். ஏலத்துக்கு அடுத்தபடியாகப் போடிக்குப் பெயர் வாங்கித் தந்தது இலவம்பஞ்சு. மெத்தை, தலையணைக்கு நாடெங்கும் போகும் பஞ்சு. இலவமரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பூக்கும். தேனை நிறையச் சுரந்து இரவு விருந்தாளிக்காகக் காத்திருக்கும். அந்த விருந்தாளி பழந்தின்னி வௌவால். முகத்தைப் பூவுக்குள் நுழைத்துத் தேன் குடிக்கும்போது மகரந்தம் உடம்பில் அப்பிக்கொள்கிறது. அதோடு அடுத்த மரத்துக்குப் பறக்கிறது. இலுப்பைக்கும் வௌவால்தான் துணை.

இந்த உதவிக்கு நாம் செய்த மரியாதையைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள் காகம், எலியோடு சேர்த்து ஐந்தாம் அட்டவணையில் வைக்கப்பட்டிருந்தன. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்ற பட்டியல் அது. 2022 திருத்தத்தில்தான் அந்த அட்டவணையே நீக்கப்பட்டது. விதிவிலக்காக முன்பே பாதுகாப்புப் பெற்ற ஓர் இனத்துக்குத் தேனி மாவட்டத்தோடு நெருங்கிய உறவு உண்டு: சலீம் அலி பழந்தின்னி வௌவால். 1948-இல் மேகமலையில் பிடிபட்ட ஒரு மாதிரியை வைத்து, 1972-இல்தான் அது தனி இனம் என்று அறிவியல் உலகம் அறிந்தது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் மட்டுமே வாழ்கிறது. மேகமலை இன்று ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி.

அடிவாரத்து மற்ற பயிர்களுக்கும் ஆளாளுக்கு ஒரு துணை இருக்கிறது. முருங்கைப்பூவுக்குக் கருத்த பெரிய தச்சுத் தேனீ. பட்ட மரத்தைத் துளைத்துக் கூடு வைப்பது. மாம்பூவுக்கு ஈக்கள். பாகல், புடலை, பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூச்சி வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். நெல்லும் சோளமும் பூச்சி இல்லாமலே பிழைத்துக்கொள்ளும். ஆனால் விவசாயி கையில் ரொக்கமாகக் காசு பார்ப்பது காய்கறியிலும் பழத்திலும் நறுமணப் பயிரிலும்தான். பூச்சி குறைந்தால் முதலில் அடிவாங்குவது அந்த ரொக்கம்.

யானை வந்த வழி

2023 மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஒரு காட்டு யானை ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அரிக்கொம்பன். ஏலமலையின் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். அந்த ஏப்ரல் கடைசியில் கேரள வனத்துறை அதற்கு மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டில் விட்டது. ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பத்துக்கு வந்தது. ஜூன் மாதம் தமிழ்நாடு வனத்துறை பிடித்து, களக்காடு–முண்டந்துறை காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில் விட்டது.

சின்னக்கானலும் ஆனையிறங்கலும் யானைகள் தலைமுறைகளாக நடமாடிய இடம். அங்கே ஏலத்தோட்டங்களும் விடுதிகளும் பெருகின. 2000-களின் தொடக்கத்தில் நிலமில்லாப் பழங்குடியினருக்கும் அரசு அங்கேயே இடம் ஒதுக்கியது. 301 காலனி என்று அது அறியப்படுகிறது. யானைத் தொல்லை தாங்காமல் பலர் வெளியேறிவிட்டார்கள். யானைக்கும் நிம்மதி இல்லை, ஏழைக்கும் நிலம் மிஞ்சவில்லை.

தேனீக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இரண்டுக்கும் வந்த கேடு ஒன்றே: தொடர்ச்சியாக இருந்த காடு துண்டு துண்டானது. தேனீக்குத் துண்டான இடம் ஒன்றிரண்டு கிலோமீட்டர். யானைக்குப் பல நூறு சதுர கிலோமீட்டர். தேனீ சத்தமில்லாமல் காணாமல் போகிறது. யானை ஊருக்குள் வந்து நிற்கிறது. செய்தியாவது யானை மட்டும்தான்.

இழப்பு யார் தலையில்?

பெரிய தோட்டக்காரர் ஒரு பருவம் விளைச்சல் குறைந்தால் தாக்குப்பிடிப்பார். விலை ஏறினால் லாபமும் பார்ப்பார். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் மருந்துக்கடைக் கடனை அடைக்க அடுத்த பருவத்தில் இன்னும் அதிகமாக மருந்து அடித்து, எப்படியாவது சொறியில்லாத காய் எடுக்கப் பார்ப்பார். காய் எடுக்கும் பெண்ணுக்கோ இந்த இரண்டு வழியும் கிடையாது. காய் குறைந்தால் எடுப்பு நாள் குறையும். எடுப்பு இல்லாத நாளில் ஜீப் வராது. தெளித்த செடியின் அடியில் குனிந்து காய் எடுப்பதும் அவர்தான். பெரும்பாலும் கையுறையோ முகக்கவசமோ இருப்பதில்லை. தேனீயைத் தொட்ட மருந்து அவரையும் தொடுகிறது. தேனீ இல்லாததால் வந்த நட்டமும் அவரையே தொடுகிறது.

உலக அளவிலும் கணக்கு இதே திசையைத்தான் காட்டுகிறது. முக்கியமான உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று, ஓரளவேனும் மகரந்தம் சேர்க்கும் உயிரினங்களைச் சார்ந்திருக்கின்றன என்று பல்லுயிர் குறித்த பன்னாட்டு அரசுகள் அறிவியல் குழு 2016-இல் அறிக்கை அளித்தது. ஏலமலை அதன் ஒரு சிறு உதாரணம்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்திலேயே செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றில் பல கூடுதல் செலவில்லாதவை.

தெளிக்கும் நேரத்தை மாற்றுவது முதல் வேலை. தேனீ முற்பகலில் உழைக்கிறது. தவிர்க்க முடியாத தெளிப்பைப் பிற்பகலுக்குத் தள்ளினால் நேரடிச் சாவு பெருமளவு குறையும். பெட்டி வைத்திருப்பவருக்கு முதல்நாளே சொல்லிவிட்டால் அவர் வாசலை அடைத்துவைப்பார்.

நாள் குறித்து அடிப்பதை விட்டு, பூச்சியைப் பார்த்து அடிப்பது இரண்டாவது. காய்ந்த தட்டைகளையும் சருகையும் நீக்கும் கவாத்தைக் காலத்தில் செய்தால் இலைப்பேன் ஒளியும் இடம் குறையும். வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் வெளியே வரும் கோடைமழைக் காலத்தில் அவற்றைக் கையால் பிடித்து அழிக்கலாம். புழுவைத் தாக்கும் நன்மை செய்யும் நூற்புழுக்களும் பூஞ்சைகளும் இப்போது கிடைக்கின்றன. மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையமும் இவற்றுக்கு வழிகாட்டுகின்றன.

மூன்றாவது, தேனீக்குச் சாப்பாடும் வீடும். வேலியோரக் களையைப் பூக்க விடலாம். பாதையோரத்தில் களைக்கொல்லியைத் தவிர்க்கலாம். பொந்து விழுந்த பழைய மரத்தை வெட்டாமல் விடலாம். புதிதாக வைக்கும் நிழல் மரங்களில், வெவ்வேறு மாதங்களில் பூக்கும் நாட்டு மரங்கள் நான்கைந்து வகை கலந்திருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் விவசாயி தலையில் மட்டும் கட்டுவது நியாயம் இல்லை. மருந்து குறைத்த காயும் மருந்தில் குளித்த காயும் ஒரே மூட்டையில் கலந்து ஒரே விலைக்குப் போகும்வரை, யாரும் மருந்தைக் குறைக்க மாட்டார்கள். ஏல மையத்திலேயே எச்சத்தைச் சோதித்து, தேறிய காய்க்குத் தனி விலை தரும் ஏற்பாடு வேண்டும். மருந்துக்கடைக்காரரே வேளாண் ஆலோசகராக இருக்கும் நிலை மாற வேண்டும். தெளிப்பவருக்கும் காய் எடுப்பவருக்கும் பாதுகாப்புக் கருவி தருவது சலுகையாக இல்லாமல் கட்டாயமாக வேண்டும். யானை நடக்கும் வழியில் இனியொரு விடுதிக்கோ குடியிருப்புக்கோ அனுமதி தரக் கூடாது. ஏற்கெனவே அங்கே குடியேற்றப்பட்ட ஏழைகளுக்கு மாற்று நிலம் தருவது அரசின் கடமை.

வாங்கும் நமக்கும் பங்கு உண்டு. கண்ணைப் பறிக்கும் பச்சையில், ஒரு புள்ளியும் இல்லாத பெரிய காய்தான் நல்ல காய் என்ற நம் பிடிவாதம்தான் தோட்டத்தில் ஒவ்வொரு தெளிப்பையும் நியாயப்படுத்துகிறது. தோலில் சிறு சொறி இருந்தாலும் வாசனை குறையாத காய் சமையலுக்குத் தாராளமாகப் போதும். அடுத்த முறை மளிகைக் கடையில் ஏலக்காய் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். எச்சம் சோதித்த காய் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் போடி ஏலத்தில் கேட்பார். அங்கே கேள்வி எழுந்தால் மலையில் தெளிப்பான் கீழே இறங்கும்.